இரண்டு கதவுக்கும் நான் சொன்ன பதில்

விமானத்தில் வேலை என்றால் ஊர் ஊராகச் சுற்றுகிற பாக்கியம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சுற்றியது பெரும்பாலும் ஜூஸ் வண்டிக்கும் கழிவறைக்கும் இடையில்தான். ஆனால் அந்த வேலையிலும் விளையாட்டுக்கு இடமில்லாத ஒரு நிமிடம் உண்டு. புறப்படும் முன் ஒவ்வொரு கதவிலும் ஒரு லீவரை மாற்றி வைப்போம். அதன் பிறகு யாராவது உள்ளேயிருந்து கதவைத் திறந்தால், ஆபத்துக் காலத்துக்கான ரப்பர் சறுக்கு சில விநாடிகளில் ஊதிக்கொண்டு வெளியே பாயும். அதனால் கதவைத் திரும்பத் திறக்க வேண்டுமென்றால் முதலில் லீவரைப் பழையபடி வைக்க வேண்டும். நம் கதவை முடித்து, எதிர்க்கதவை நேரில் போய்ப் பார்த்து, அதற்குப் பிறகுதான் முன்னால் இருக்கும் சீஃபுக்கு, அதாவது எங்கள் தலைமைப் பணியாளருக்கு, உள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விதி.

பின்பகுதியில் இடது கதவு அக்காவுக்கு, வலது கதவு எனக்கு. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், சண்டைக்குத் தப்பி இளம் வயதில் ஆக்லாந்துக்கு வந்தவர். நான் மலேசியாவிலிருந்து வேலை விசாவில் வந்தவள். அவர் வீடு பிளாக்ஹவுஸ் பேயில், என் வாடகை அறை பக்கத்திலேயே லின்ஃபீல்டில். அவர் காரில்தான் வேலைக்குப் போவேன். உறவில்லாத ஊரில் எனக்கு வாய்த்த அக்கா அவர்.

அவருக்கு உள் தொலைபேசி பிடிக்காது. அக்கா எதைச் சொன்னாலும் மூன்று தடவை “என்ன?” என்று கேட்கிற சீஃப் ஒருவர் இருந்தார்.

“என்ர இங்கிலீஷ் அந்தாளுக்கு ஃபோனிலை விளங்குதில்லை, பிள்ளை. நீயே ரெண்டுக்கும் சேர்த்துச் சொல்லு.”

எனக்கு அந்த ஆள் மீது கோபம். அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிற நினைப்பில் இரண்டு கதவுக்கும் நானே பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் கைவேலையாக இருந்தால் அவருடைய லீவரையும் நானே மாற்றிவிடுவேன். மற்ற நாட்களில் அவர் கதவை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அக்கா செய்த வேலையை நான் போய்ச் சரிபார்ப்பதா? அது எனக்கு மரியாதைக் குறைவாகத் தெரிந்தது. எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று இப்போது சொல்ல முடிகிறது.

அன்று மதியம் கதவுகளெல்லாம் மூடி, லீவர்களை மாற்றிய பிறகு, ஒரு முதியவருக்கு நெஞ்சு வலித்தது. விமானம் இன்னும் நகரவில்லை. அவரை இறக்குவதற்காகப் பின்பக்க இடது கதவுக்குப் படிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அக்கா அவர் பக்கத்தில் முழங்காலிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். லீவர்களைப் பழையபடி வைக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. நான் என் கதவை முடித்தேன். அக்கா எழுந்து தன் கதவுப் பக்கம் நடப்பது தெரிந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. தொலைபேசியை எடுத்து, பின்கதவுகள் இரண்டும் முடிந்தன, பார்த்தாயிற்று என்றேன்.

எல்லாக் கதவுகளும் சரி என்று சீஃப் அறிவித்தார். அதைக் கேட்ட அக்கா, தான் முதியவரோடு இருந்தபோது தன்னுடைய லீவரையும் வழக்கம்போல நானே மாற்றிவிட்டேன் என்று நம்பினார். வெளியே படியில் நின்ற விமான நிலைய ஊழியப் பெண் கதவின் கண்ணாடியைத் தட்டினார். அக்கா கைப்பிடியைத் தூக்கினார்.

கதவு பிய்த்துக்கொண்டு போனது. சறுக்கு பாய்ந்த வேகத்தில் அந்தப் பெண் படியிலிருந்து கீழே விழுந்தார். பிழைத்துக்கொண்டார். தோள் இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு அக்கா அசையாமல் நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

விசாரணையில் என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார்கள்: அவருடைய கதவு முடிந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? நிரந்தர வதிவிடத்துக்கு நான் விண்ணப்பித்திருந்த நேரம் அது. வேலை போனால் விசாவும் போகும். “முடிந்ததா என்று ஜாடையில் கேட்டேன், தலையாட்டினார்” என்றேன். நான் கேட்கவில்லை. அவர் ஆட்டவும் இல்லை.

அவர் என் மீது பாய்வார், பொய்க்காரி என்பார் என்று காத்திருந்தேன். நான் சொன்னதைச் சொல்லி அவரையும் கேட்டு முடித்து வெளியே அனுப்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“பிள்ளை, நான் தலையாட்டினனானே? எனக்கு ஒண்டும் ஞாபகத்திலை இல்லை.”

“லேசா ஆட்டுனீங்கக்கா.”

அந்த ‘லேசா’வை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அக்காவைப் பறக்கும் வேலையிலிருந்து எடுத்தார்கள். சில மாதங்களில் அவரே விலகிவிட்டார். அத்தோடு நின்றிருந்தால்கூட எப்படியோ தாங்கியிருப்பேன். அவர் தன்னையே நம்பாமல் போனார். அடுப்பை அணைக்கச் சொல்லித் தனக்கே சீட்டெழுதி ஒட்டினார். காரை விற்றார். பாபகூராவில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆனால் குழந்தையோடு தனியாக ஐந்து நிமிடம்கூட இருக்க மாட்டார். மகள் கெஞ்சினாலும் மறுத்துவிடுவார்.

எனக்கு வதிவிடம் கிடைத்த வாரம், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் போட்டுக் கொடுத்தார். செய்தியைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. பிறகு எதிரே உட்கார்ந்து, மகள் வற்புறுத்தி டாக்டரிடம் கூட்டிப்போன கதையைச் சொன்னார்.

“எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்திட்டு, ஞாபகத்திலை ஒரு குறையும் இல்லையெண்டு டொக்டர் சொல்லுறார். அவருக்கென்ன தெரியும், பிள்ளை? அண்டைக்கு நான் தலையாட்டினதை அவர் கண்டவரே? நீதானே கண்டனி.”

நான் அவரைப் பார்த்தேன். விசா கையில் இருந்தது. பயப்பட இனி ஒன்றுமே இல்லை.

“ஆமாக்கா,” என்றேன். “பார்த்தேன்.”