பேனல் கதவுக்கு ஒரு அரைச் செங்கல்

என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு அரைச் செங்கல் வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் ஏதோ கோயில் கல் என்று நினைத்துத் தொட்டுக் கும்பிடாத குறை. வேங்கிக்கால் ஊரைத் தாண்டி இருந்த ஓர் அரிசி ஆலையில் எலக்ட்ரிகல் பராமரிப்புக்கு நான் சேர்ந்த புதிதில், ஆபரேட்டர் அண்ணன் பேனல் கதவுக்கு முட்டுக் கொடுத்த கல் அது. அந்தக் கல்லைச் சாக்காக வைத்து அவர் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தவள் நான்.

அரிசிக்குப் பாலிஷ் போடும் இயந்திரத்தின் மோட்டார் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளும் டிரைவ், ஒரு இரும்புப் பேனலுக்குள் இருந்தது. அந்த வருட ஆயுத பூஜைக்கு, என் பொறுப்பில் வந்த முதல் பேனல் என்ற பெருமையில், மலைமேல் தீபம் எரிகிற பெரிய படம் ஒன்றை வாங்கிவந்து அதன் கதவில் ஒட்டினேன். அடுத்த வாரத்திலிருந்து மத்தியானமானால் டிரைவ் தானாக நின்றுபோக ஆரம்பித்தது. சூடு அதிகம் என்று திரையில் காட்டும். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, உள்விசிறியை மாற்றி, திருகுகளை முறுக்கி, கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டிக்கொண்டு நிற்பேன். நிற்கிறவரை சமர்த்தாக ஓடும். மூடிவிட்டு வந்தால் மறுபடியும் நிற்கும். நான் போன பிறகு அண்ணன் அரிசியை ஜாஸ்தியாகத் தள்ளுகிறார், மோட்டார் திணறுகிறது என்று முடிவு கட்டினேன். படித்த படிப்பு அப்படி.

அண்ணன் அடி அண்ணாமலைக்காரர். பௌர்ணமியன்று பஸ் கிடைக்காமல் நடந்தே வருவார், வழியெல்லாம் கிரிவலம் போகும் கூட்டத்தைத் திட்டிக்கொண்டு. என்னிடம் பேசினால் கிண்டல்தான். “என்னா மேடம், டாக்டர் பக்கத்துல நின்னா மட்டும் காய்ச்சல் எறங்கிடுது?” என்பார். எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஒருநாள் அவர் பேனல் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க இந்தச் செங்கல்லை வைத்திருப்பதைப் பார்த்தேன். கரண்ட் ஓடுகிற பேனலை யாராவது திறந்து போடுவார்களா? கல்லைக் காலால் தள்ளிவிட்டு மூடினேன். மறுநாளும் கல் அங்கேயே இருந்தது. மேனேஜரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து அண்ணனுக்கு மூட்டை ஏற்றும் வேலை என்று முடிவானது. இடுப்பு வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கிற மனுஷனுக்கு மூட்டை.

சனிக்கிழமை மத்தியானம் டிரைவ் மறுபடி நின்றது. அன்று கல் இல்லை. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். எரிச்சலில் கதவின் மேல் கையை ஊன்றினேன், சுட்டது. படத்தின் ஓரத்தில் நகத்தை விட்டுத் தூக்கிப் பார்த்தேன். அடியில், காற்று உள்ளே போவதற்கென்று இருந்த துளைகள் அத்தனையும் என் படத்தாலும் பசையாலும் அடைபட்டிருந்தன. ஒட்டுகிற பெருமையில் துளைகளை நான் கவனிக்கவில்லை; கதவைத் திறந்தால் படம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும், அதனால் பிறகும் என் கண்ணில் படவே இல்லை. அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

“ஏண்ணா சொல்லல?”

“சாமி படம் மேடம். ஆசையா ஒட்டுனீங்க. அத எப்டி கிழின்னு சொல்றது? அதான் கல்ல வச்சேன்.”

“மூட்டை தூக்கப் போட்டுட்டாங்களே, அப்பவாவது?”

“திங்கக்கெழமைதானே? அதுக்குள்ள சொல்லிடலாம்னு இருந்தேன்” என்று சிரித்தார். சுத்தப் பொய். அவர் சொல்லியிருக்கவே மாட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த முகத்தோடேயே மேனேஜர் அறைக்குப் போய், அங்கிருந்த எல்லோர் முன்னாலும் தப்பு என்னுடையது என்று சொல்லி, எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட்டேன். திரும்பி வந்தபோது அண்ணன் ஈரத்துணியால் படத்தை நனைத்து நனைத்து, ஒரு மூலைகூடக் கிழியாமல் உரித்து, பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வழக்கம்போல இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். அப்படி ஒரு மனுஷனை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

நான் வேறு ஆலைக்குக் கிளம்பிய அன்று, செய்தித்தாளில் சுற்றி இந்தக் கல்லைக் கொடுத்தார். “வச்சுக்கோங்க மேடம். அங்கயும் போய் படம் ஒட்டுவீங்க இல்ல?”

போன வாரம் இங்கே ஒரு டிரைவ் நின்றது. ஆபரேட்டர் பெண் முகம் வெளுத்துப்போய் என் அறைக்கு ஓடி வந்தாள். “நான் ஒண்ணும் பண்ணல மேடம்.”

“நான்தான் பண்ணியிருப்பேன், வாம்மா பாக்கலாம்” என்று சொல்லி, மேசையிலிருந்த கல்லையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன்.