ஈசிசேருக்குப் போகும் வழியில்

அஸ்தினாபுரத்திலிருந்து செம்பாக்கம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வலது முட்டி வீங்கியிருந்தது. முதுகுக்குப் பின்னால் பிரியாணி வாசனை கூடவே வந்தது. கான்கிரீட் போடுகிற நாளில் வீட்டுக்காரர் வேலையாட்கள் எல்லோருக்கும் சாப்பாடு போடுவது வழக்கம். தளம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது மேஸ்திரி என்னை அனுப்பிவிட்டார்.

தப்பு என்னுடையதுதான். அறுபத்திரண்டு வயதை ஐம்பத்து மூன்று என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மீசைக்கு மை பூசியது போதாதென்று வேகத்தையும் காட்ட வேண்டியதாயிற்று. கான்கிரீட் சட்டி தரையிலிருந்து மாடிக்குக் கைமாறிக் கைமாறித்தான் போகும். வரிசையில் நிற்பவன் பக்கத்து ஆளின் கை நீளும்போது கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் காலையிலிருந்து பறந்தேன். எனக்கு அடுத்து சாரத்தில் நின்ற சித்தாள் அம்மா இரண்டு முறை எச்சரித்தாள். மூன்றாவது முறை, எங்கே ரயிலைப் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டாள். மதியத்துக்கு மேல் முட்டி மடங்கியது. சட்டி நழுவி, பூஜைக்காக மேஸ்திரி கட்டியிருந்த வெள்ளை வேட்டியின் மேல் கொட்டியது. அவர் திட்டவில்லை. முழு நாள் கூலியையும் கொடுத்து, நாளை வர வேண்டாம் என்றார்.

வேலை போனது பெரிதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செங்கல் சூளை, உப்பளம், லாரி என்று போகாத இடமில்லை, பட்டினியும் கிடந்திருக்கிறேன். என் பயம் சேலையூரில் இருந்தது. என் மகள் வீட்டில் டிவிக்கு எதிரே ஒரு ஈசிசேர். எனக்கென்றே மருமகன் வாங்கிப் போட்டது. இந்த வேலையும் போனால் அதில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது மகளுடைய ஒப்பந்தம். நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன். அந்த நாற்காலியை நோக்கித்தான் நொண்டிக்கொண்டிருந்தேன்.

செம்பாக்கம் ஏரி வருவதற்குள் பின்னாலிருந்து குரல் கேட்டது. சித்தாள் அம்மா. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"இன்னாண்ணா, காலீல அந்தப் பறப்பு பறந்த. இப்போ இங்கதான் கீறியா?"

பொட்டலத்தைக் கொடுத்தாள். ரோட்டோரக் கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு கறித்துண்டு கூடுதலாகவே இருந்தது. வயதை மறைத்ததையும் ஈசிசேர் கதையையும் சொன்னதும் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, மாடம்பாக்கத்தில் போன வாரம் தளம் போட்ட ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். புதுத் தளம் இறுகும்வரை அதன்மேல் தண்ணீர் நிற்க வேண்டும். அதற்காக வைத்த பையன் காலையில் பத்துக் குடத்தைக் கொட்டிவிட்டு சினிமாவுக்குப் போய்விடுகிறானாம். தண்ணீரெல்லாம் வழிந்து ஓடித் தளம் காய்கிறதாம். வீட்டுக்காரர் வேறு ஆள் தேடுகிறாராம்.

"அந்த வேலைக்கு ஓடக் கூடாதுண்ணா. ஓடுனா தண்ணியும் ஓடிப்பூடும். நீ மட்டும் உன் வயச உள்ளபடி சொல்லு."

அன்று ராத்திரி ஈசிசேரில் உட்காரவில்லை. முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் தரையிலேயே படுத்தேன். மகள் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். நாளைக்குப் பார்ப்போம் என்றேன்.

காலையில் மாடம்பாக்கம் போய் நின்றேன். வீட்டுக்காரர் வயது கேட்டார். அறுபத்திரண்டு என்றேன். மீசையை ஒருமுறை பார்த்தார்.

"ஏணி ஏறுவீங்களா?"

"மெதுவா ஏறுவேன் சார்."

"மெதுவாவே ஏறுங்க. ஆனா நாலு வேளை ஏறணும்."

குடத்தோடு ஏறினேன். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து ஏறினால் முட்டி வலிக்கவில்லை. மாடியில் தளம் முழுக்கச் சிமெண்டால் வரப்புக் கட்டி, நெல் வயல் மாதிரி பாத்தி பாத்தியாகப் பிரித்திருந்தார்கள். ஒரு மூலையில் குடத்தைச் சாய்த்தேன். வெளுத்துப்போன தளம் கறுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பாத்தி நிறைந்து நின்ற பிறகு அடுத்த குடத்துக்கு இறங்கினேன்.