நந்தியாவட்டையில் நீலக் கண்கள்

ஸ்ரீரங்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், மாடியில் தனியாக வசிக்கும் ஒரு மாமி. வாசலோரத்து நந்தியாவட்டையில் பூப்பறித்துப் பெருமாளுக்குச் சாற்றிய பிறகுதான் அவருக்குக் காபி. எங்கள் கொடித்துணி அந்தச் செடிமேல் உரசினால் அன்றைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

போன ஐப்பசியில் ஒரு காலை, துவாக்குடியில் இருக்கும் என் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் மாமியின் குரல். "சத்தம் போடாம வாயேன். ஆதிசேஷன் வந்திருக்கார்!"

ஓடிப்போய்ப் பார்த்தால், செடியடியில் ஒரு டம்ளர் பால். மாமி கைகூப்பி நிற்கிறார். கிளையில் பச்சையாக, விரல் நீளத்தில் ஏதோ ஒன்று. அதன் முன்பக்கத்தில் இரண்டு நீலக் கண்கள் என்னையே முறைத்தன. நானும் ஓரடி பின்வாங்கினேன், பொய் சொல்வானேன்?

ஆனால் டம்ளரைச் சுற்றி மிளகு மிளகாக எச்சம் சிதறிக் கிடந்தது. இலைகளின் ஓரமெல்லாம் கடிபட்டிருந்தது. குனிந்து பார்த்தேன். வயிற்றுக்கடியில் குட்டைக் கால்கள் கிளையை இறுக்கிப் பிடித்திருந்தன. வாலில் மஞ்சளாய் ஒரு சின்னக் கொம்பு. போனில் படம் எடுத்துத் தேடினேன். அரளியிலும் நந்தியாவட்டையிலும் வளரும் ஓர் அந்துப்பூச்சியின் புழு அது. அந்தக் கண்கள் வெறும் வேஷம். நிஜத் தலை சாதுவாக உள்ளே மடங்கியிருக்க, பறவைகளை விரட்டத்தான் இந்த உருட்டலும் மிரட்டலும். நசுக்கினால் ஒன்றுமில்லாத பிராணிக்கு என்ன துணிச்சல்! சொக்கிப்போய் நின்றதில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

"புழுவா?" மாமியின் கூப்பிய கை இடுப்புக்குப் போனது. "பெருமாள் செடியத் திங்கறதா? வேப்பெண்ணெய் கரைச்சு அடிக்கறேன் பார்." மாடிப்படியில் பாதி ஏறியும் விட்டார்.

எனக்குப் பதறியது. "மாமி, மொட்டப் பாருங்க. ஒண்ணக்கூட அது தொடலை. இலைய மட்டும்தான் திங்குது."

இறங்கி வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மொட்டு மொட்டாகப் பார்த்தார். "அவருக்குன்னு இருக்கறதத் தொடலையே" என்றார். வேப்பெண்ணெய் மாடியிலேயே இருந்துவிட்டது.

செடியில் இலை குறைந்துகொண்டே வந்தது. பூ மட்டும் தினமும் கூடைக்கு வந்தது. ஒருநாள் புழு பழுப்பாக நிறம் மாறி, கீழே இறங்கிச் சருகுக்குள் புகுந்துகொண்டது. இனி கூட்டுப்புழுவாகத் தூங்கும், இறகு முளைத்துத்தான் வெளியே வரும் என்று மாமியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை எனக்கு ஆச்சரியம். வாசலில் ஒரு துரும்பு கிடந்தாலும் பொறுக்காத மாமி, செடியடியில் துடைப்பத்தை வைக்கவே இல்லை. கோலத்தையும் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிப் போட்டிருந்தார்.

எதிர்வீட்டு அம்மா கேட்டார்: "என்ன மாமி, பாதி வாசல் பெருக்காம கெடக்கு?"

மாமி உதட்டில் விரல் வைத்தார். "மெதுவாப் பேசுங்கோ. உள்ளே சயனத்துல இருக்கார்."