சுருட்டுக் கப்பலின் செட்டைகள்

என் கணவர் கொழும்பில் ஒரு கப்பல் பட்டறையில் படவரைஞராக வேலை பார்த்தவர். லண்டனுக்கு வந்த பிறகு சம்பளத்துக்காக அவர் ஒரு கோடுகூட வரையவில்லை. வந்த புதிதில் கப்பல் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு இடங்களில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் ஒரே கேள்விதான்: கம்பியூட்டரில் வரையத் தெரியுமா? தெரியாது. படிக்கலாம் என்றுதான் இருந்தோம். அகதி வழக்கு முடியட்டும், வீடு சரிவரட்டும், என்னுடைய ஒப்பரேஷன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனது. பிறகு அந்தக் கதையை எடுப்பதையே விட்டுவிட்டோம். பிள்ளைகளும் இல்லை. அவர் பெற்றோல் ஷெட்டில் நின்றார், அதன்பிறகு செக்யூரிட்டி.

செக்யூரிட்டிக் கம்பெனி அவரைக் கடைசியாகப் போட்ட இடம் ஒரு மியூசியத்தின் களஞ்சியம். ஆற்றுக்குத் தெற்கே, பழைய கப்பல் படங்களை மட்டும் வைத்திருக்கும் கட்டடம். நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கிலிருந்து ரெயினும் பஸ்ஸும் மாறிப் போகவேண்டும். காவலுக்கு நிற்பவர்கள் படங்களைத் தொடக்கூடாது. கதவையும் கமராவையும் பார்த்தால் போதும். ஆனால் ஒருநாள், ஆராய்ச்சிக்கு வந்த யாரோ மேசையில் விரித்துவிட்டுச் சாப்பிடப் போன படத்தை இவர் கண்டுவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“இஞ்சேரும், சுருட்டு மாதிரி ஒரு கப்பல் பாத்திருக்கிறீரே?”

“சுருட்டோ?”

“ஓம். ரெண்டு முனையும் கூர். முக்கால்வாசி தண்ணிக்குள்ளை கிடக்கும். அலை மேலாலை போயிடும், கப்பல் ஆடாது எண்டு நினைச்சு ஒருத்தன் படம் கீறியிருக்கிறான்.”

“ஆடேல்லையோ?”

“சும்மா ஆட்டமே! ஒருத்தரும் நிக்க ஏலாதாம். உருண்டு பிரண்டிருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை வருசம் என்று நான் யோசித்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றங்கரை முழுக்கப் பட்டறைகளாம். இரும்பும் நீராவியும் புதிதாகக் கைக்கு வந்த காலம். ஆளுக்கொரு வடிவத்தில் கப்பல் கீறியிருக்கிறார்கள். தட்டுப் போல வட்டமாக ஒன்று. இரட்டை உடம்போடு ஒன்று. ஆட்களுக்குத் தலைசுற்றி வாந்தி வராமல் இருக்க, நடுவில் ஊஞ்சல் மாதிரி ஒரு அறையைத் தொங்கவிட்டு இன்னொன்று. நான் வெங்காயம் வெட்ட, அவர் பக்கத்தில் நின்று இதையெல்லாம் சொல்லுவார். அனேகமாக ஒன்றும் சரிவரவில்லை என்று முடிப்பார். எனக்கு அந்தக் கப்பல்களில் அக்கறை இல்லை. அவர் கதைக்கிறார் என்பதே எனக்குக் காணும்.

சுருட்டுக் கப்பல்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு லீவு நாளில், வாசகராகப் பெயர் பதிந்து, அதே களஞ்சியத்துக்குப் போனார். கூட வேலை செய்பவரே கதவில் நின்று இவருடைய பையைத் திறந்து பார்த்தாராம். அன்றைக்குத்தான் படத்தை வெளிச்சத்தில் சரித்துப் பார்க்க அவருக்கு வாய்த்தது. கப்பலின் அடிவயிற்றில், இரண்டு பக்கமும், பென்சிலால் கீறி அழித்த தடம்.

“செட்டை,” என்றார். “மீனுக்கு இருக்கிற மாதிரி. அதைப் பூட்டியிருந்தால் உருண்டிராது. முதலாளிமார் பொறுமையில்லாமல் அழிப்பிச்சிருப்பினம். பாவம் அந்த மனுசன்.”

அதற்குப் பிறகு இரண்டு வருசம் எங்கள் குசினி மேசை அவருக்குச் சொந்தம். காலமை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வருவார், தேத்தண்ணியோடு இருந்து அந்தச் செட்டைகளுக்குக் கணக்குப் பார்ப்பார். பிறகு, அந்தக் காலத்துக் கப்பல்காரரே மெழுகில் மாதிரி செய்து தண்ணீரில் இழுத்துப் பார்த்தவர்கள் என்று சொல்லி, என்னுடைய சோற்றுச் சட்டியில் மெழுகை உருக்கினார். நான் ஏசினேன். சட்டி போனது போனதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை பக்கத்துக் குளத்துக்கு இரண்டு பேரும் போனோம். முதலில் செட்டை இல்லாத மாதிரியை விட்டார். சின்னக் காற்றுக்கே செத்த மீன் போலப் புரண்டது. செட்டை பூட்டிய இரண்டாவது மாதிரி நின்றது. ஒரு வாத்துக் கூட்டம் கிட்டவாகப் போய்த் தண்ணீரைக் கலக்கியது; அப்போதும் மெல்ல அசைந்துவிட்டு நிமிர்ந்தது. நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்காரி நின்று கை தட்டினாள். இவர் முழங்கால் வரை நனைந்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீரே?”

“பாத்தன்.”

அவர் அதோடு விட்டிருப்பார். கடிதம் எழுதச் சொன்னது நான்தான். “உங்கடை பேரோடை ஒரு மூலையிலையாவது இது இருக்கட்டும்,” என்று கரைச்சல்படுத்தினேன். அவர் சொல்லச் சொல்ல நானே ரைப் பண்ணி, களஞ்சியத்துப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். மூன்று கிழமையில் பதில் வந்தது, வரச்சொல்லி.

பொறுப்பாளர் எங்கள் வயதுப் பெண். கை குலுக்கும்போது, உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்றார்.

“நான் உங்கடை கதவிலை நிக்கிறனான்,” என்று இவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது.

ஆனால் நல்ல மனுசி. ஒரு இடத்திலும் குறுக்கே கதைக்காமல், கணக்குத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்த பிறகு எழும்பிப் போய் ஒரு பெட்டியோடு வந்தார். அதற்குள் அந்தக் கப்பலைக் கீறியவர் தன் கையால் எழுதிய கடிதங்களின் பிரதிப் புத்தகம். பொறுப்பாளர் விரலை வைத்து வாசிக்க, இவர் குனிந்து கூடவே வாசித்தார்.

செட்டை பூட்டித்தான் பார்த்திருக்கிறார்கள். உருளல் குறைந்துதான் இருக்கிறது. ஆனால் செட்டைகள் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, ஆற்றின் நீரோட்டத்தை எதிர்த்துப் போக எந்திரத்துக்குப் பலம் போதவில்லை. பெரிய எந்திரம் என்றால் பெரிய கொதிகலன் வேண்டும். பெரிய கொதிகலன் அந்த ஒடுங்கிய வயிற்றுக்குள் கொள்ளாது. வயிற்றைப் பெருப்பித்தால் அலை மேலால் போகாது. எல்லா வழியையும் பார்த்துவிட்டு, கோடுகளைத் தானே அழித்துவிட்டதாக அந்த மனுசன் எழுதியிருந்தார். பின்னால் வருகிற ஒருவர் அதில் காலத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காகவாம்.

“நீங்கள் தனியாக இருந்து அவர் வந்த இடத்துக்கே வந்திருக்கிறீர்கள். அது சின்ன விசயம் இல்லை,” என்றார் பொறுப்பாளர்.

இவர் நன்றி சொன்னார். தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பைக்குள் வைத்தார். ரெயினில் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். மனோர் பார்க் ஸ்ரேசன் படியில் ஏறும்போது நான்தான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்.

“அப்ப உங்கடை கணக்குச் சரிதானே.”

“கணக்குச் சரி. கப்பல்தான் ஓடாது.” இரண்டு படி ஏறிவிட்டு நின்றார். “அவனே அழிச்சிருக்கிறானப்பா. நான் வேறை ஆரோ அழிச்சதெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

வேறு யாரோ அழித்தது என்ற நினைப்புத்தான் அவரை அந்த இரண்டு வருசமும் தாங்கியிருக்கிறது என்பது எனக்கு அந்தப் படியில் வைத்துத்தான் விளங்கியது. விளங்கி என்ன? கடிதத்தை அனுப்பியாகிவிட்டது.

அடுத்த நாளும் வேலைக்குப் போய் அதே கதவில் நின்றார். பொறுப்பாளர் இப்போது பெயர் சொல்லி வணக்கம் சொல்லுகிறார் என்றார். அது அவருக்குச் சந்தோசமா வேதனையா என்று முகத்தில் தெரியவில்லை. கொஞ்சக் காலத்தில் களஞ்சியத்தை லண்டனுக்கு வெளியே மாற்றினார்கள். காவல்காரரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அந்த வயதில் இவரை வேறு இடத்தில் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கண். நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, ஓரத்தில் மட்டும் தெரியும், திருப்பிக் கொண்டுவர ஏலாது என்று டொக்டர் சொன்னார். தெரிகிற காலத்திலேயே ஏதாவது கீறுங்கோ என்று நான் தடித்த பேனையும் பெரிய தாளும் வாங்கிவந்தேன். “வேண்டாம், விடும்,” என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

போன கிழமை கவுன்சிலிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள், உதவிப்பணத்துக்கான பெனிபிட் போமை நிரப்ப. றோட்டுத் தனியாகக் கடப்பாரா, அடுப்பு மூட்டுவாரா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில், பகலில் நேரத்தை எப்படிப் போக்குகிறீர்கள் என்று அவரிடமே கேட்டாள்.

“போகுது,” என்றார்.

அவள் எதையோ எழுதிக்கொண்டு போனாள். நான் சோற்றைப் போட்டு, மீனில் முள் எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். அவர் ரேடியோவைப் போட்டார். இப்போது வேலைக்குப் போகிறது நான்தான்; இரண்டு மணிக்கு ஷிப்ட். கோட்டைக் கொழுவிக்கொண்டு வெளிக்கிட்டேன்.