அக்காவுக்குக் கொடுத்த வைட்டமின் மாத்திரைகள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர் வீட்டில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போர்செட் மோட்டாரைப் போடுவது, வயலுக்குத் தண்ணீர் கட்டுவது, சாலையில் காயும் நெல்லை மாடு மேயாமல் பார்ப்பது, இவைதான் வேலை. படுக்கை அந்த போர்செட் கொட்டகையில். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடியவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திராவில் அறுவடை இயந்திரம், கேரளாவில் கல்குவாரி என்று போய்க்கொண்டே இருந்தவனுக்கு ஓர் இடத்தில் இரண்டு வருடம் என்பது அதிகம்.

டீச்சருக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். வருடத்துக்கு ஒருமுறை வந்து பெரிய பெரிய பாட்டில்களில் வைட்டமின் மாத்திரைகளை இறக்கிவிட்டுப் போவான். அந்தப் பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளை உள்ள எல்லா வீட்டிலும் இது உண்டு. சாக்லேட், தைலம், மாத்திரை பாட்டில். டீச்சர் அவற்றை ஃப்ரிட்ஜ் கதவில் அடுக்கி வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். யாருக்கும் கொடுக்க மாட்டார். தேதி முடியப்போகிறது என்று தெரிந்ததும் திடீரென்று தர்மப் பிரபு ஆகிவிடுவார். வேலைக்காரர்களாகிய எங்களுக்கு அமெரிக்கா வந்து சேர்வது எப்போதும் அதன் கடைசி இரண்டு மாதத்தில்தான்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா, வைட்டமின் ஈ. அமெரிக்கா சரக்கு. தோலுக்கு, முடிக்கு, கால் இழுப்புக்கு எல்லாத்துக்கும் நல்லது."

"எனக்கு எதுக்கு டீச்சர்?"

"உன் மூஞ்சியக் கண்ணாடியில பாத்திருக்கியா? ரெண்டு மாசத்துல டேட் முடியுது. வீணாக்காம சாப்பிட்டு முடி."

பாட்டிலோடு கொடுக்க மனது வரவில்லை. பாதி மாத்திரையைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியைப் பழைய ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கொட்டிக் கொடுத்தார். நல்லெண்ணெய் நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி, பருமனான மாத்திரைகள். கொட்டகையில் உட்கார்ந்து எண்ணினேன். நூற்றிருபத்தொன்று இருந்தது. ஒன்றை விழுங்கினேன். சாயங்காலம் வரை எண்ணெய் ஏப்பம். அதோடு எனக்கு ஆசை விட்டுப்போயிற்று.

ஆனால் தூக்கிப் போடவும் மனசில்லை. அப்போதுதான் அக்கா நினைவு வந்தது.

அக்கா நன்னிலம் பக்கம். மூன்று மா, ஒரு ஏக்கர் அளவு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து அவளும் அத்தானும் பயிர் வைக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அவளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போய், தஞ்சாவூரில் உலோக வால்வு வைத்தார்கள். அன்றைக்கு நான் ஆந்திராவில் இருந்தேன். செய்தி தெரிந்தும் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தேன். காரணம் எதுவும் இல்லை, வரவில்லை, அவ்வளவுதான். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க அவள் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். ஆயுள் முழுக்க. மாதம் ஒருமுறை தஞ்சாவூர் போய் ரத்தம் கொடுத்து, உறையும் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெபமாலை சொல்வதைக்கூட ஒரு நாள் தவறவிடுவாள், அந்த மாத்திரையைத் தவறவிட மாட்டாள்.

ஊறுகாய் பாட்டிலோடு போய் இறங்கினேன். அத்தான் வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, பஸ் மாறி ஏறிட்டியா?"

"அக்காவப் பாக்க வந்தேன்."

"அதான் கேட்டேன்."

அக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம். நான் எதையாவது கொண்டு வந்தது அதுவே முதல் தடவை.

"இது என்ன மாத்திரைடா?"

"மாத்திரை இல்லக்கா. வைட்டமின். சத்து. உனக்குக் கெண்டைக்கால் இழுக்குதுன்னியே, அதுக்குத்தான். அமெரிக்காவுலேர்ந்து வந்தது."

"ஆஸ்பத்திரியில ஒரு வார்த்தை கேட்டுக்கவா?"

"சத்துக்கெல்லாம் போயி யாராச்சும் டாக்டரக் கேப்பாங்களா? கீரை திங்கறதுக்குக் கேக்குறியா?"

"கீரைக்கும்தான்டா சொல்லியிருக்காங்க. ஒரு நாள் நெறய, ஒரு நாள் இல்லாம திங்கக்கூடாது, ஒரே அளவா திங்கணும்னு."

"அப்ப அவங்களுக்கு வேற வேலை இல்ல."

அப்படித்தான் சொன்னேன். அடுத்துச் சொன்னது இன்னும் மோசம். எனக்குப் பள்ளியில் ஒழுங்காக வந்தது வகுத்தல் கணக்கு ஒன்றுதான். "ரெண்டு மாசத்துல டேட் முடியுது. நூத்திருபது இருக்கு. தினம் ரெண்டு சாப்பிட்டா சரியா முடிஞ்சிடும்" என்றேன். எவ்வளவு சாப்பிடலாம் என்று யாரையும் கேட்கவில்லை. வீணாகாமல் இருக்க எத்தனை சாப்பிட வேண்டும் என்று மட்டும் கணக்குப் போட்டேன். மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மறுநாள் தின்கிற வயிறு எங்களுடையது. எதையும் கெட்டுப்போக விடமாட்டோம். அக்காவும் அதே வயிறுதான். தலையாட்டினாள்.

அறுவடை வந்தது. நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்தில் கொண்டு போய்க் குவித்தார்கள். ஈரப்பதம் அதிகம், காயவைத்துக் கொண்டு வாங்க என்றார்கள். காயவைத்தால் மேகம் மூடும். தார்ப்பாய் போடுவதும் எடுப்பதுமாக அக்காவும் அத்தானும் அங்கேயே கிடந்தார்கள். இன்றைக்கு எடை போட்டுப் பிடிப்பார்கள், நாளைக்குப் பிடிப்பார்கள் என்று நெல்லை விட்டு நகர முடியாத அந்த வாரத்தில்தான் தஞ்சாவூர் ரத்தப் பரிசோதனை வந்தது. அக்கா போகவில்லை. "அடுத்த மாசம் சேத்துப் பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னாள். சரி என்றேன்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. கையில் நீல நீலமாகத் திட்டுகள். மூட்டை இடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. அதை அத்தானிடம் சொல்லக் கூச்சப்பட்டு இரண்டு நாள் மறைத்திருக்கிறாள். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை மூக்கில் ரத்தம் வர ஆரம்பித்து நிற்கவே இல்லை. அத்தான் வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் போகிற வழியில் எனக்குப் போன் செய்தார்.

"உங்க அக்காவுக்கு ரத்தம் நிக்கல. என்னத்தடா குடுத்துத் தொலச்ச?"

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவைப் படுக்க வைத்து மூக்கில் பஞ்சு அடைத்திருந்தார்கள். கையில் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர், உறைவதற்கு உதவும் என்றார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அதில் பாதிக்கு மேல் காலி.

"இதக் குடுத்தது நீங்களா?"

"ஆமாங்க. வைட்டமின்தானேங்க."

"வைட்டமின்னா மருந்து இல்லன்னு யார் சொன்னது? தண்ணியில கரையற வைட்டமின் அதிகமானா பெரும்பாலும் மூத்திரத்துல போயிடும். இது கொழுப்புல கரையறது, உடம்புலயே தங்கும். நெறய சாப்பிட்டா இதுவே ரத்தத்த உறைய விடாது. அவங்க ஏற்கெனவே உறையாம இருக்கத்தான் மாத்திரை சாப்பிடறாங்க. ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்?"

அத்தான், "நல்லாக் கேளுங்க டாக்டர்" என்றார்.

"இது எத்தனை யூனிட்? பச்சைக் கேப்ஸ்யூல்னு கடையில விக்கறாங்களே, அது நானூறு. இது அதவிடப் பெருசா இருக்கு. லேபிள் எங்க?"

"இல்லீங்க."

"போய்க் கண்டுபிடிங்க. இவங்க வழக்கமான மாத்திரைய ரொம்ப நாள் நிறுத்தி வெக்க முடியாது. வால்வுல ரத்தம் கட்டிக்கும். சீக்கிரம் ஆரம்பிச்சா மறுபடி ரத்தம் போகும். உள்ள எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு ஒரு பிடி கிடைக்கும்."

வராந்தாவில் நின்று டீச்சருக்குப் போன் போட்டேன். அக்கா தினம் இரண்டு சாப்பிட்டு ரத்தம் நிற்காமல் கிடப்பதைச் சொன்னேன்.

"எந்த மாத்திரை? நான் உனக்கு ஒண்ணும் குடுக்கலையே."

வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று சத்தமாகவே வந்தது. நர்ஸ் திரும்பிப் பார்த்தார்.

பஸ் ஏறினேன். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் வரும்வரை, அந்த அம்மாவை என்ன சொல்லித் திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே வந்தேன். வெளி கிரில் கேட்டைப் பூட்டி வைத்திருந்தார். நான் வருவேன் என்று தெரிந்திருக்கிறது. தட்டினேன். உள்ளிருந்தே குரல் வந்தது.

"போலீஸ் கீலீஸ்னு என் பையன் பேர இழுத்தேன்னா நடக்கறதே வேற."

"உங்க பையன் எனக்கு வேணாம் டீச்சர். பாட்டில் லேபிள் வேணும். எங்க அக்கா அங்க சாகக் கெடக்குறா."

"நான் உனக்குத்தானேடா குடுத்தேன்? உங்க அக்காவுக்குக் குடுன்னு சொன்னேனா? தினம் ரெண்டு முழுங்குன்னு சொன்னேனா?"

வரிசைப்படுத்தி வைத்திருந்த திட்டு முழுவதும் அங்கேயே செத்தது. கொடுத்ததை அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் சொன்னது அத்தனையும் சரி. அதனாலேயே அவரை இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

"லேபிளக் காட்டுங்க."

ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. வந்து, கேட்டைத் திறக்காமல், கம்பிக்கு அந்தப் பக்கமே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்போனில் படம் எடுத்தேன். ஒரு மாத்திரை ஆயிரம் யூனிட் என்று போட்டிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது, எண் வரும். கீழே பொடி எழுத்தில் நாலு வரி எச்சரிக்கையும் இருந்தது. டீச்சர் முப்பது வருடம் இங்கிலீஷ் நடத்தியவர்.

"இதப் படிச்சீங்களா?"

"பொடி எழுத்து. கண்ணுக்குத் தெரியல."

திரும்பி நாலு எட்டு வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பக்கவாதம் வராமல் இருக்க டீச்சரும் தினமும் ரத்தம் உறையாத மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். நான்தான் மருந்துக்கடையில் வாங்கி வருவேன். சொல்லாமல் போய்விடலாம் என்று தோன்றியது உண்மை. சாலை வரை போனேன். பிறகு வந்து கேட்டுக்கு வெளியிலிருந்தே கத்தினேன்.

"நீங்களும் இதச் சாப்பிடாதீங்க. உங்க மாத்திரையோட சேரக்கூடாது. டாக்டரக் கேட்டுக்கங்க."

"எட்டாங்கிளாஸ் ஃபெயிலு, எனக்கு வைத்தியம் சொல்ல வந்துட்டான். நாளையிலேர்ந்து வேலைக்கு வராத!"

"எட்டாங்கிளாஸ் பாஸ்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். கொட்டகையில் இருந்த என் பையை எடுக்க ஒரு மாதம் கழித்துத்தான் போனேன். அவர் அந்த வைட்டமினை நிறுத்தினாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார். "தினம் ரெண்டாயிரம். நல்லா இருக்கற ஆளுக்கே இது அதிகம்" என்றார். மூக்கு ரத்தம் மறுநாள் நின்றது. கறுப்பாகப் போவது நிற்க நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் வழக்கமான மாத்திரை இல்லாமல் வால்வு அடைத்துக்கொள்ளுமோ என்று ஊசி போட்டுக்கொண்டும், ரத்தம் எடுத்துக்கொண்டும் இருந்தார்கள். அத்தான் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார். சோற்றுப் பொட்டலம் வாங்கினால் இரண்டுதான் வாங்குவார்.

ஐந்தாம் நாள் வழக்கமான மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். நெல் விஷயமாக அத்தான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லாததால் என்னை வைத்துவிட்டுப் போனார். ஒரு வாரம் நான்தான் பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நர்ஸ் தரும் மாத்திரையையும் அதன் அட்டையையும் வாங்கி அக்காவிடம் நீட்டுவேன்.

முதல் நாள் அவள் அதை என் உள்ளங்கையிலிருந்து எடுத்தாள், ஆனால் உடனே வாயில் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். தலைமாட்டில் இருந்த மருந்துச் சீட்டை எடுத்து, அதிலிருந்த பெயரையும் மாத்திரை அட்டையில் இருந்த பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். அவளும் என்னைப் போல அரைகுறைப் படிப்புதான், நேரம் ஆயிற்று. நர்ஸைக் கூப்பிட்டு, "இதுதானே சிஸ்டர்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.

"நான் என்ன விஷமாக்கா குடுக்கப் போறேன்?" என்றேன்.

"தெரியல" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை என்பது போலத்தான் சொன்னாள். அந்த வாரம் முழுவதும், ஏழு சாயங்காலமும், அப்படியே பார்த்துப் பார்த்துத்தான் விழுங்கினாள். அவள் முடிக்கும்வரை நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.