ஆள் இல்லாத படம்

எங்கள் வீட்டில் மாலை போட்டுத் தொங்குகிற என் வீட்டுக்காரர் படம் ஆதார் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. களவு கேஸில் பிடித்து வந்த ஆள் மாதிரி முழிப்பார். கேமராவைக் கண்டால் கல்லைக் கண்ட காக்காயாக ஓடுகிற மனிதருக்கு வேறு படத்துக்கு எங்கே போவது? மாடு மேய்க்கிற காட்டிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பூ வைக்கிறபோதெல்லாம் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும், அழுகை அதற்கப்புறம்.

போன மாதம் மகள் செல்போனை நீட்டினாள். கோயமுத்தூரில் ஒரு கலைக்கூடத்தில் நிலக்காட்சிப் புகைப்படக் கண்காட்சி. அழைப்பிதழில் இருந்தது எங்கள் கொறங்காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம் காங்கேயம் பக்கம் எத்தனையோ உண்டு. ஆனால் இடி விழுந்து பாதி கருகிய அந்த வெள்வேல மரம் எங்களுடையதுதான்.

"யாரோ வந்து நம்ம காட்டப் போட்டோ புடிச்சாங்க, நானும் நின்னேன்னு அப்பா போன்ல சொன்னாரும்மா. கேட்டா அப்பா இருக்கற படம் ஒண்ணு கெடைக்கும்" என்றாள்.

காட்டைப் படம் பிடித்த சமயத்தில் அவள் கல்லூரி விடுதியில் இருந்தாள். அன்றைக்கு நடந்தது முழுவதும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பல்லடம் வழியாகப் பஸ்ஸில் போனோம். "போன எடத்துல எடுத்ததும் சாவுப் பேச்செடுக்காத கண்ணு" என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் காடு ஓர் ஆள் உயரத்துக்குச் சுவரில் இருந்தது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள், என்ன ஓர் அமைதி என்று சொல்லிக்கொண்டார்கள். மழையில்லாமல் புல்லெல்லாம் கருகி, மாட்டுக்குத் தீவனத்துக்கு நாங்கள் அல்லாடிய வருஷம் அது. அமைதியாம்! மரத்தடியில் யாரும் இல்லை.

படம் எடுத்தவர் அங்கேயே இருந்தார். நரைத்த தலை, தன்மையான பேச்சு. மகள் போய்க் கேட்டாள். "ஏனுங்க, இது எங்க காடுங்க. அன்னிக்கு எங்கப்பா அங்க நின்னாருங்க. அவரு இருக்கற படம் ஒண்ணு கெடைக்குங்களா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அவரு பொண்ணுங்களா! நல்லா ஞாபகம் இருக்குதுங்க. மடிச்சுக் கட்டுன வேட்டிய எறக்கி உட்டுட்டு, சிப்பாயாட்டம் நின்னாருங்க. ரெண்டு மூணு எடுத்தேன். ஆனா நான் ஆளில்லாத நெலந்தானுங்க வெச்சுக்கறது. மத்ததெல்லாம் அன்னிக்கே அழிச்சுப்போட்டேன்."

"ஒண்ணுகூட இல்லீங்களா?"

"இல்லீங்க அம்மணி. தள்ளி நில்லுங்கன்னு அவருகிட்டச் சொல்ல எனக்குச் சங்கடம். நல்லவேளை, ஒரு அம்மா சோத்துப் போசியோட வந்தாங்க. 'அவரு காட்டத்தானே புடிக்கறாரு, குறுக்க நிக்காம இப்பிடி வாங்க'ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க! அவங்க புண்ணியத்துலதான் இந்தப் படமே."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறந்தான் அவரும் பார்த்தார்.

"அட, நீங்கதானுங்களா!" என்று கைகூப்பினார். "இன்னொரு நாளைக்கு அவரையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க" என்றேன்.

பஸ் பல்லடம் தாண்டும்வரை மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள். "அப்பா ஓடாம நின்னது அந்த ஒரு நாள்தாம்மா. அன்னிக்குக்கூட நிக்க உடலயே நீ."

வேற்று ஆள் வேலைக்கு இடைஞ்சலாக நிற்கக் கூடாதென்றுதான் கூப்பிட்டேன். அதைச் சொல்லியிருக்கலாம். எதற்கும் ஒரு வாய் வைத்திருக்கிறவள் நான். ஆனால் அப்போது என் கண்ணில் நின்றது வேறு. நான் சத்தம் போட்டதும், தப்புச் செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு என் பக்கம் நடந்து வந்தார் மனுஷன். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.