பெல்ட் அறுந்த மத்தியானம்

ஞாயிற்றுக்கிழமை ஷூ கம்பெனிக்கு லீவு. அன்று வீட்டுக்காரரோடு நானும் கழனிக்குப் போவேன். அவர் நெல் அறுக்கும் வண்டி ஓட்டுகிறார். கொழுந்தனார் கூடமாட வேலை செய்வார். எந்தக் கழனியில் இறங்கினாலும் வண்டிக்குக் கற்பூரம் காட்டுவது என் வேலை.

அன்றைக்கு இறங்கியது ஒரு பாயின் கழனி. பாதி அறுத்திருக்கும்போது வண்டியின் பக்கத்தில் பட்டென்று சத்தம். பெல்ட் அறுந்துவிட்டது. அமிர்தி மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

புது பெல்ட் கையில் இருந்தது. கொழுந்தனார் மூடியைக் கழற்றினார். இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

“இன்னாங்க, வண்டிய நிறுத்தலியா?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“கற்பூரம் காட்டி எடுத்த வண்டி. கழனி முடியாம அணைச்சா வெளங்காது. ஸ்லோல வெச்சி கம்பியால நெம்புனா தானா ஏறிக்கும்.”

எங்கள் வீட்டுப் பழக்கம் அது. நானும் நம்புகிறவள்தான். ஆனால் பெல்ட் மாட்டும் புல்லி சுற்றுவதையும் அவர் கை அதன் கிட்டே போவதையும் பார்த்ததும் சோளிங்கர் நரசிம்மரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டுவிட்டு சும்மா நிற்க முடியவில்லை. எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியாது, அணைக்கத் தெரியும். மேலே ஏறி அணைத்தேன். சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

“உனக்கு இன்னா பைத்தியமா?” என்று கத்தினார்.

“கற்பூரம் இன்னும் இருக்குது, மறுபடி காட்டிக்கலாம். கைக்கு எங்க போறது?”

கொழுந்தனார் சிரித்தார். “அண்ணி ஷூ கம்பெனி ரூல்ஸ கழனிக்கே கொண்ணாந்துட்டாங்க!”

ஆமாம். கம்பெனியில் மிஷினுக்குள் கை விடுகிறவர் சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

அணைத்த பிறகும் உள்ளே நெல் அடிக்கும் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. அது ஓயும் வரை அவரைத் தொட விடவில்லை. அப்புறம்தான் போல்ட்டைத் தளர்த்தி அறுந்ததை இழுத்துப் போட்டார்கள். புது பெல்ட் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் நழுவியது.

பாய் ஓடி வந்தார். “யம்மா, நெல்லு நனைஞ்சா பேஜாராய்டும். சாவிய குடு, இஞ்சின் ஒரு சுத்து சுத்துனா ஏறிடும்.”

“கையால சுத்தட்டும் பாய்.”

“உங்க சாமியோ எங்க அல்லாவோ, யாராச்சும் அந்த மேகத்துக்கு ஒரு பூட்டு போட்டா நல்லாருக்கும்!”

வரப்பில் அங்கும் இங்கும் நடந்தேன். நெல் நனைந்தால் பழி என் மேல்தான். என் தோளில் ஒரு துளி விழுந்தது. கொடுத்துவிடலாமா என்று விரல் முடிச்சுக்குப் போனது. வீட்டுக்காரரோ முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தார். விரலை எடுத்துக்கொண்டேன்.

ஒருவழியாகப் பெல்ட் ஏறியது. கையால் சுற்றிப் பார்த்து, போல்ட்டை முறுக்கி, மூடியையும் மாட்டினார்கள். அவர் வந்து கையை நீட்டினார்.

“குடு.”

“ரெண்டு கையும் காட்டுங்க.”

முறைத்துக்கொண்டே காட்டினார். எல்லாம் கிரீஸ். கொழுந்தனார் கையையும் பார்த்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தேன்.

கடைசி மூலை அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அங்கே கொஞ்சம் நெல் நனைந்தது. வீட்டுக்கு வந்தும் அவர் முறைப்பு போகவில்லை. உட்கார்ந்து சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.